ஊசி முனையில் பிறந்த சொற்கள்

பொற்கொல்லர் தமக்குள் பொன்னைப் 'பறி' என்பர். யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பர். ஒரு கூட்டத்தார் ஏதேனும் ஒரு காரணம் பற்றித் தமக்குள் மட்டும் வழங்கும் இத்தகைய சொல்லுக்குக் 'குழூஉக்குறி' என்று நம் இலக்கண நூலார் பெயரிட்டனர். நன்னூலும் அதன் உரைகளும் அதனை ஒரு வழக்காக ஏற்று இடம் தந்துள்ளன. தொழிலுக்கொரு பேச்சு உண்டு. அப்பேச்சைக் கூர்ந்து கேட்டால், அத்தொழிலைச் செய்வோர் உலகை எவ்வாறு நோக்குகின்றனர் என்பதும் புலப்படும்.

இன்று நம் நகரங்களின் கடைவீதிகளில் 'டாட்டூ' என்று பலகை மாட்டிய கடைகள் பெருகிவிட்டன. அங்கும் ஒரு குழூஉக்குறி உண்டு. நம் இளைஞர் அதனைச் சரளமாகப் பேசுகின்றனர், பெற்றோர் விழிக்கின்றனர். ஞாயிறு திருப்பலியில் நற்கருணை வாங்க நீளும் கையில் பாம்போ சிலுவையோ ஏதோ ஒரு பெயரோ தென்பட்டால், பின்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியவர்களின் நெற்றி சுருங்குகிறது. இது பாவமா, பண்பாட்டுக் கேடா, வெறும் பொழுதுபோக்கா என்ற வினா பல இல்லங்களில் பூசலாகவே முடிகிறது.

இவ்வினாவுக்கு விடை தேடுமுன் அத்தொழிலின் சொற்களைச் சற்று ஆராய்வது நலம். ஏனெனில், நம் விசுவாசத்தின் மிக உயர்ந்த சொற்கள் சில, பச்சை குத்தும் பட்டறையில் புழங்கியவையே. அடிமையின் நெற்றியிலும் படைவீரனின் கையிலும் ஊசியால் எழுதப்பட்ட சொற்களைத் திருச்சபை எடுத்துத் தன் இறையியலில் பதித்துக்கொண்டது. அக்கதையை அறிந்தபின் நம் வினாவே மாறிவிடக்கூடும்.

குத்துவதும் தட்டுவதும்

உலக மொழிகள் இச்செயலுக்கு இட்ட பெயர்களை ஒப்புநோக்கினால், அவற்றுள் பல இரண்டு வகையில் அடங்குவதைக் காணலாம். ஒன்று, குத்துதல் என்னும் பொருளுடையது. கிரேக்கரின் 'ஸ்டிட்ஸெயின்', வடஇந்தியரின் 'கோத்னா', போஸ்னிய நாட்டவரின் 'சிட்சானியே' ஆகியன இவ்வகையின. மற்றொன்று, தட்டுதல் என்னும் பொருளுடையது. பசிபிக் பெருங்கடல் தீவுகளான சமோவாவிலும் தாகித்தியிலும் வழங்கும் 'ததாவ்', அரபு மக்களின் பேச்சு வழக்கிலுள்ள 'தக்' ஆகியன இவ்வகையின. எலும்பால் செய்த சீப்புப் போன்ற கருவியைத் தோலின்மேல் வைத்துச் சிறு கோலால் தட்டித் தட்டி மையேற்றுவது அத்தீவினரின் முறை. 1769ஆம் ஆண்டு கப்பல் தலைவர் ஜேம்ஸ் குக் தாகித்தியை அடைந்தபோது அவரும் அவருடன் சென்றோரும் இச்சொல்லைக் கேட்டு எழுதிக்கொண்டனர். அதுவே ஆங்கிலத்தில் 'டாட்டூ' ஆகி உலகெங்கும் பரவிற்று. ஒலியால் ஒத்த மற்றொரு சொல் ஆங்கிலத்தில் முன்னரே இருந்தது. அது, மாலையில் மதுக்கடைகளின் குழாயை அடைத்துவிட்டுப் படைவீரர் பாசறைக்குத் திரும்ப வேண்டும் என்பதற்காக முழக்கிய முரசொலியைக் குறித்த டச்சுச் சொல்லின் திரிபு. இரண்டிற்கும் உறவில்லை.

தமிழோ குத்துதலோடு நிறத்தையும் சேர்த்துப் 'பச்சை குத்துதல்' என்றது. குத்தும் மை கரியே. ஆயினும் தோலுக்கு அடியில் தங்கிய கரி, ஒளி சிதறுவதால் நீலமும் பச்சையும் கலந்த நிறமாகத் தோன்றுகிறது. நம் முன்னோர் மையின் நிறத்தைப் பாராமல் மேனியில் தோன்றிய நிறத்தைப் பார்த்தே பெயரிட்டனர். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராயிருந்த எட்கர் தர்ஸ்டன், குறவர் குலப் பெண்கள் அந்த மையைச் செய்த விதத்தை எழுதி வைத்துள்ளார். மஞ்சளையும் அகத்தி இலையையும் அரைத்துத் துணியில் தடவித் திரியாகச் சுருட்டி, ஆமணக்கெண்ணெய் விளக்கில் எரித்து, மேலே கவிழ்த்த மண்சட்டியில் படியும் கரியைச் சுரண்டி, தாய்ப்பாலிலோ நீரிலோ குழைப்பார்களாம். தாய்ப்பால் குழைத்த இதே மையை வெகு தொலைவில் வாழ்ந்த வேறொரு கூட்டத்தாரிடமும் நாம் காணப்போகிறோம். அதற்குமுன் கிரேக்க நாட்டுக்குச் செல்ல வேண்டும்.

ஸ்டிக்மா: அடிமையின் நெற்றி

'ஸ்டிட்ஸெயின்' என்ற வினையிலிருந்து பிறந்த பெயர்ச்சொல் 'ஸ்டிக்மா'. குத்தி உண்டாக்கிய குறி என்பது அதன் பொருள். பழுக்கக் காய்ச்சிய இரும்பால் இட்ட சூட்டுக்குறி என்றே நெடுங்காலம் பலர் இதற்குப் பொருள் கொண்டிருந்தனர். 1987ஆம் ஆண்டு வெளிவந்த ஒரு கட்டுரையில் சி.பி. ஜோன்ஸ் என்ற அறிஞர், மனிதரைப் பொறுத்தமட்டில் இச்சொல் பெரும்பாலும் பச்சை குத்தியதையே குறித்தது என்று சான்றுகளுடன் நிறுவினார்.

கிரேக்க உலகில் அது மானக்கேட்டின் சின்னம். ஓடிப் பிடிபட்ட அடிமையின் நெற்றியில் அவனுடைய குற்றத்தைக் குத்துவர். 'குறி குத்தப்பட்டவன்' என்பதே ஒரு வசைச்சொல்லாயிற்று. ஆனால் அண்டையிலிருந்த திராக்கியரிடம் நிலைமை நேர்மாறு. பச்சை குத்தியவரே அவர்களுக்கு உயர்குடியினர், குத்தாதவர் இழிந்தவர். இதனைக் கி.மு. 5ஆம் நூற்றாண்டின் வரலாற்றாசிரியர் எரோதோத்து குறித்துள்ளார். ஒரே ஊசி, ஒரே மை. எல்லைக்கு அப்பால் பெருமை, இப்பால் சிறுமை.

அதே எரோதோத்து தரும் மற்றொரு செய்தி நமக்கு இன்றியமையாதது. நைல் ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரம் ஒன்றில் ஒரு கோவில் இருந்தது. யாருடைய அடிமையானாலும் அங்கு ஓடிச்சென்று, தன்னை அத்தெய்வத்திற்கு ஒப்புவித்து, அதன் திருக்குறிகளை உடலில் ஏற்றுக்கொண்டால், அதன்பின் எவரும் அவனைத் தொடலாகாது என்பது அங்குள்ள சட்டம். தலைவனின் குறியைச் சுமந்தவன் தலைவனுக்கு உடைமை. தெய்வத்தின் குறியைச் சுமந்தவனோ தெய்வத்திற்கு உடைமை. ஆகவே மனிதத் தலைவர்களிடமிருந்து விடுதலை பெற்றவன்.

இப்போது புனித பவுல் கலாத்தியருக்கு எழுதிய திருமுகத்தின் இறுதி அதிகாரத்தைத் திறவுங்கள். இனி எவரும் எனக்குத் தொல்லை தர வேண்டாம் என்கிறார் திருத்தூதர். அதற்குக் காரணமாக, இயேசுவின் அடையாளங்களைத் தம் உடலில் சுமந்திருப்பதைக் காட்டுகிறார். அங்கே அவர் எழுதிய கிரேக்கச் சொல் 'ஸ்டிக்மா' என்பதன் பன்மையாகிய 'ஸ்டிக்மத்தா'. பவுல் ஊசியால் பச்சை குத்திக்கொண்டவர் அல்லர். சாட்டையடிகளும் தடியடிகளும் கல்லெறியும் பட்ட தழும்புகளையே அவர் குறிக்கிறார் என்பது விவிலிய அறிஞர் பலரின் கருத்து. ஆயினும் அவர் தேர்ந்த சொல் அடிமைச் சந்தையின் சொல். கேட்டவர்களுக்கு நெற்றியில் எழுத்துடன் நின்ற அடிமையின் முகமே நினைவுக்கு வந்திருக்கும். உலகம் யாரைக் கண்டு முகம் சுளித்ததோ அவனுடைய இடத்தில் போய் நின்றுகொண்டு, 'எனக்கு உரிமையாளர் உண்டு. அவர் இயேசு' என்று பவுல் பெருமிதம் கொள்கிறார்.

இச்சொல்லுக்கு அதன்பின் இரண்டு வாழ்வுகள் அமைந்தன. உலகியல் மொழிகளில் 'ஸ்டிக்மா' என்றால் தொழுநோயாளர், மனநோயாளர் போன்றோர்மீது சமுதாயம் சுமத்தும் இழிவு. திருச்சபையின் மொழியிலோ, 1224ஆம் ஆண்டு லா வெர்னா மலையில் புனித பிரான்சிஸ் அசிசியார் பெற்ற ஐந்து காய வரம். இழிவும் வரமும் ஒரே சொல்லின் இரு முகங்களாயின.

கராக்டேர்: படைவீரனின் கை

திருமுழுக்கு, உறுதிபூசுதல், குருத்துவம் ஆகிய மூன்று அருட்சாதனங்களும் ஆன்மாவில் அழியா முத்திரையைப் பதிக்கின்றன. ஆகவே அவற்றை இருமுறை பெற இயலாது என்று மறைக்கல்வி வகுப்பில் நாம் எல்லோரும் கற்றோம். 1547ஆம் ஆண்டு திரிதெந்து பொதுச்சங்கம் இதனை வரையறுத்துக் கூறிற்று. அம்முத்திரைக்கு இலத்தீனில் வழங்கும் சொல், கிரேக்கத்திலிருந்து வந்த 'கராக்டேர்'. செதுக்குதல், பொறித்தல் என்னும் வினையடியாகப் பிறந்த அச்சொல் முதலில் நாணயத்தில் விழும் அச்சைக் குறித்தது. எபிரேயருக்கு எழுதப்பட்ட திருமுகத்தின் முதல் அதிகாரம், இறைமகன் தந்தையின் இயல்பினுடைய அச்சுப் பதிவு என்று கூற இச்சொல்லையே கையாளுகிறது.

அச்சொல் அருட்சாதன இறையியலுக்குள் நுழைந்த வழி சுவையானது. உரோமைப் பேரரசின் பிற்காலத்தில், படையில் சேர்ந்தவருக்கு உடலில் குறி குத்துவது வழக்கம். புதிதாகச் சேர்ந்தவனை உடனே குறி குத்திவிடாமல் முதலில் அவனது உடலுரத்தைச் சோதித்தறிய வேண்டும் என்று வெகேத்தியு என்பார் போர்க்கலை நூலில் அறிவுரை கூறுகிறார். 6ஆம் நூற்றாண்டு மருத்துவர் ஏத்தியு என்பவர், படைவீரரின் கைகளில் குத்தும் இக்குறிகளைச் சுட்டி, அதற்குரிய மையின் செய்முறையையும் தந்துள்ளார். மரப்பட்டை, களிம்பேறிய வெண்கலம், மாசிக்காய் ஆகியவற்றை அரைத்துச் சேர்த்து, குத்த வேண்டிய இடத்தைப் பூண்டு இனத்தைச் சேர்ந்த ஒரு கீரையின் சாற்றால் கழுவி, இரத்தம் கசியுமளவு ஊசியால் குத்தி, மையைத் தேய்க்க வேண்டும் என்கிறார். அக்குறியை அழிக்கும் மருந்தையும் அவரே சொல்லியிருப்பது, அழிக்க விரும்பியோர் அன்றும் இருந்தனர் என்பதற்குச் சான்று.

புனித அகுஸ்தினார் காலத்தில் வடஆப்பிரிக்கத் திருச்சபையைத் தொனாத்துவாதிகளின் பிளவு வாட்டியது. ஒரு பிரிவிலிருந்து மறு பிரிவுக்கு வருவோருக்கு மீண்டும் திருமுழுக்குத் தர வேண்டுமா என்பது கேள்வி. தொனாத்துவாதிகள் வேண்டும் என்றனர். அகுஸ்தினார் தம் மறுப்புக்குப் படைவீரனின் குறியை எடுத்துக்காட்டினார். ஒருவன் படையை விட்டு ஓடிப்போகிறான். மனம் மாறித் திரும்பி வருகிறான். அவனை மன்னித்து ஏற்கும் அரசன் அவனுக்குப் புதுக்குறி குத்துவதில்லை. பழைய குறியே செல்லும். ஓடியபோது அக்குறி அவனைக் குற்றவாளியாகக் காட்டியது. திரும்பியபோது அதே குறி அவன் யாருக்குரியவன் என்பதைக் காட்டியது. கிறிஸ்துவின் குறியும் அத்தகையதே என்றார் அவர். அழியாத முத்திரை என்று நாம் மனப்பாடம் செய்த அந்தப் போதனையின் அடியில், தப்பி ஓடிய ஒரு வீரனின் பச்சை குத்திய கை இருக்கிறது. பிள்ளை எவ்வளவு தூரம் ஓடினாலும் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை என்பதே அதன் ஆறுதல்.

தடையும் விதிவிலக்கும்

'பழைய ஏற்பாடு இதனைத் தடை செய்கிறதே' என்பார் உண்டு. ஆம், லேவியர் நூலின் 19ஆம் அதிகாரம் 28ஆம் வசனம் இறந்தவருக்காக உடலைக் கீறுவதையும் உடலில் குறி பொறிப்பதையும் விலக்குகிறது. ஆனால் அதே விவிலியத்தில் எசாயா 44ஆம் அதிகாரம், தன் கையில் ஆண்டவருக்குரியவன் என்று எழுதிக்கொள்ளும் ஒருவனை மகிழ்வோடு காட்டுகிறது. எசேக்கியேல் 9ஆம் அதிகாரத்தில், நகரின் அக்கிரமங்களைக் கண்டு அழுதவர்களின் நெற்றியில் 'தௌ' என்னும் எழுத்து இடப்படுகிறது. பழைய எபிரேய வரிவடிவில் அவ்வெழுத்து சிலுவை வடிவினது. திருவெளிப்பாட்டு நூலில் விலங்கின் குறியைத் தாங்கியோரும் உண்டு. ஆட்டுக்குட்டியின் பெயரை நெற்றியில் தாங்கியோரும் உண்டு. விவிலியம் குறியைப் பற்றிக் கவலைப்படும்போதெல்லாம், அது யாருடைய குறி என்றே கேட்கிறது.

திருச்சபை வரலாறும் இவ்வழியே சென்றது. 316ஆம் ஆண்டு கான்ஸ்தந்தீன் பேரரசர் ஒரு சட்டம் இயற்றினார். சுரங்க வேலைக்கோ வாட்போர்க் களத்திற்கோ தண்டிக்கப்பட்டவனின் முகத்தில் எழுதலாகாது; எழுத வேண்டுமாயின் கையிலோ கெண்டைக்காலிலோ எழுதுக; விண்ணக அழகின் சாயலில் அமைந்த முகத்தைச் சிதைக்க வேண்டாம் என்பது அதன் கருத்து. தண்டனையை அவர் ஒழிக்கவில்லை. ஆயினும் குற்றவாளியின் முகத்திலும் இறைச்சாயலைக் கண்டார். 787ஆம் ஆண்டு இங்கிலாந்தின் நார்த்தம்பிரியாவில் திருத்தந்தையின் தூதர் கூட்டிய சங்கம், புறச்சமய வழக்காகப் பச்சை குத்துவதைக் கண்டித்தது. ஆனால் இறைவனுக்காக ஒருவர் இவ்வலியை ஏற்றால் அவருக்குப் பெரும் கைம்மாறு உண்டு என்றும் சேர்த்துக்கொண்டது.

எருசலேமின் மர அச்சுகள்

அவ்வாறு இறைவனுக்காக ஏற்றோர் கீழைத் திருச்சபைகளில் ஏராளம். கையிலோ புயத்திலோ சிலுவைக் குறியையும் கிறிஸ்துவின் பெயரையும் குத்திக்கொள்ளும் கிறிஸ்தவர் பலரைப் பற்றிக் காசா நகரத்துப் புரொக்கோப்பியு 6ஆம் நூற்றாண்டளவில் எழுதினார். எகிப்தின் காப்திக் கிறிஸ்தவர் இன்றும் வலது மணிக்கட்டின் உட்புறம் சிறு சிலுவை ஒன்றைக் குத்திக்கொள்கின்றனர். சிறுபான்மையராக வாழும் அவர்களுக்கு அது மறைக்க முடியாத விசுவாச அறிக்கை.

எருசலேம் சென்று வந்தவருக்கு அதற்கெனத் தனிக்குறியும், 'முகத்திஸ்' என்ற பட்டப்பெயரும் உண்டு. எருசலேமின் பழைய நகரில் இத்தொழிலைச் செய்துவரும் ரசூக் குடும்பம் எகிப்திலிருந்து வந்தது. எழுநூறு ஆண்டு மரபு தங்களுக்கு உண்டு என்பர். அவர்களிடம் ஒலிவ மரத்தில் செதுக்கிய பழைய அச்சுகள் உள்ளன. சிலுவை, உயிர்ப்பு, அன்னை மரியா, புனித ஜார்ஜ் முதலிய உருவங்களைத் தாங்கிய அவ்வச்சுகளை 1950களில் ஜான் கார்ஸ்வெல் என்ற அறிஞர் படியெடுத்து நூலாக்கினார்.

பிரெஞ்சுப் பயணி ழான் தெ தெவெனோ 1658ஆம் ஆண்டு பெத்லகேமில் தம் கைகளில் குறி குத்திக்கொண்டபோது கண்டதை எழுதியுள்ளார். குத்தியவர்கள் இலத்தீன் வழிபாட்டு முறையைச் சேர்ந்த உள்ளூர்க் கத்தோலிக்கர். மர அச்சில் கரித்தூளைத் தடவிக் கையில் அழுத்தி உருவை இறக்கி, ஒரு குச்சியில் கட்டிய இரண்டு ஊசிகளை மாட்டுப் பித்தநீர் கலந்த மையில் தோய்த்து, கோட்டின் வழியே குத்தி, இறுதியில் திராட்சை இரசத்தால் கழுவினராம். இன்றைய கடைகளில் 'ஸ்டென்சில்' என்ற சொல்லை நீங்கள் கேட்கலாம். உருவத்தைத் தாளிலிருந்து தோலுக்கு இறக்கும் முறைக்கு அது பெயர். பெத்லகேமின் மர அச்சுக்கு அது பேரப்பிள்ளை எனலாம்.

குறிக்காகத் துன்புற்றவரும் உண்டு. ஸ்காட்லாந்துப் பயணி வில்லியம் லித்கோ 1612இல் எருசலேமில் சிலுவையோடு தம் அரசர் ஜேம்சின் முடியையும் கையில் குத்திக்கொண்டார். 1620இல் ஸ்பெயின் நாட்டு மாலகாவில் ஒற்றர் என்று பிடிபட்டபோது, திருச்சபைக்குப் பகைவரான அரசரின் முடி என்று சொல்லி அக்கையின் தசையைக் கிழிக்க ஆணையிடப்பட்டதாக அவரே எழுதியுள்ளார். அவ்வாறு செய்தோர் கத்தோலிக்கர் என்பதை நாம் மறைத்தல் ஆகாது. சிலுவைக்கு அருகிலிருந்த கிரீடத்தைக் கண்ட கண்கள் சிலுவையைக் காணத் தவறின.

இனி, தாய்ப்பால் மையின் கதை. நடுப் போஸ்னியாவின் கத்தோலிக்கப் பெண்கள் தம் கைகளிலும் விரல்களிலும் சிலுவைகளைக் குத்திக்கொள்ளும் மரபினர். 'சிட்சானியே' என்று முன்னர்க் குறித்த சொல் இவர்களுடையது. புனித சூசையப்பர் திருநாளாகிய மார்ச் 19ஆம் நாளை ஒட்டி இது நடைபெற்றது. விளக்குக் கரி, தேன், தாய்ப்பால் ஆகியவை மையில் சேர்ந்தன. ஓட்டோமான் ஆட்சியில் தம் பெண்மக்கள் கவர்ந்து செல்லப்பட்டு மதம் மாற்றப்படாமல் இருக்க அன்னையர் இட்ட காப்பு இது என்பது அவர்களது வழிவழிச் செய்தி. பிள்ளையின் கையில் குத்தும் தாயின் கையும் நடுங்கியிருக்கும். நீ எங்கே போனாலும் யாருடைய பிள்ளை என்பதை மறவாதே என்பதே அந்த மையின் பொருள்.

இன்றைய கடையின் பேச்சு

இத்தனை நூற்றாண்டுகளைக் கடந்து இன்றைய கடைக்குள் நுழைவோம். தாமஸ் எடிசன் 1876இல் உரிமம் பெற்ற மின்பேனா ஒன்று, தாளில் நுண்துளையிட்டுப் படியெடுக்க உதவியது. அக்கருத்தைப் பயன்படுத்தி நியூயார்க்கின் சாமுவேல் ஓரைலி என்பவர் 1891ஆம் ஆண்டு பச்சை குத்தும் மின்பொறிக்கு உரிமம் பெற்றார். அன்றிலிருந்து துறைமுகங்களிலும் கேளிக்கைச் சந்தைகளிலும் கடைகள் பெருகின, கடைப்பேச்சும் வளர்ந்தது.

சுவரில் விலைக்குத் தொங்கும் ஆயத்தப் படங்களுக்குப் 'பிளாஷ்' என்று பெயர். கண்ணைப் பறிக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். தேர்ந்த தொழிலாளர் கருவியை 'மெஷின்' என்பரேயன்றித் துப்பாக்கியைக் குறிக்கும் 'கன்' என்ற சொல்லை விரும்பார். நாங்கள் சுடுபவர்கள் அல்லர் என்பர். முறையாகக் கற்காமல் வீட்டில் அமர்ந்து குத்துபவன் 'ஸ்கிராச்சர்', அதாவது சுரண்டுபவன். தூய்மையற்ற ஊசியால் மஞ்சள் காமாலைக் கிருமிகள் பரவும் என்பதால் இச்சொல்லில் ஏளனத்தோடு எச்சரிக்கையும் உண்டு. தோள் முதல் மணிக்கட்டு வரை நிறைத்தால் 'ஸ்லீவ்', சட்டைக்கை. ஊசி ஆழமாக இறங்கி மை கசிந்து பரவினால் 'பிளோ அவுட்'. பல கலைஞர்களிடம் சென்று உடலெங்கும் குத்திக்கொள்பவர் 'கலெக்டர்'. இவர் மாவட்ட ஆட்சியர் அல்லர், சேகரிப்பவர்.

நிறம் நிரப்புகையில் தவறி விடுபட்ட வெற்றிடத்திற்கு 'ஹாலிடே' என்று பெயர். கப்பலுக்கு வண்ணம் பூசியோரிடமிருந்தும் இதே சொல்லைக் கேட்கலாம்: வேலைக்காரன் அந்த இடத்தில் விடுமுறை எடுத்துக்கொண்டான் என்பது கிண்டல். அச்சொல்லின் வேர் 'திருநாள்' என்பதை எத்தனைபேர் அறிவர்! பழைய குறியை மறைக்க அதன்மேல் பெரிதாக வேறொன்றைக் குத்துவது 'கவர் அப்'. கடைக்கு வருவோரில் கணிசமானோர் இதற்காகவே வருகின்றனர். முறிந்த காதலின் பெயர்மீது ஒரு மலர் மலர்கிறது. அடியிலுள்ள பெயரோ அழிவதில்லை.

ஏன் அழிவதில்லை? மேல்தோல் சில வாரங்களில் உதிர்ந்து புதிதாகிறது. மையோ அதற்கு அடியிலுள்ள உள்தோலில் தங்குகிறது. அங்குள்ள காப்பு அணுக்கள் அதனை விழுங்கிப் பிடித்துக்கொள்கின்றன. 2018ஆம் ஆண்டு பிரெஞ்சு ஆய்வாளர் எலிகளிடம் நடத்திய ஆய்வு, அவ்வணுக்கள் மடியும்போது வெளிப்படும் மையைப் புதிய அணுக்கள் எடுத்துக்கொள்கின்றன என்று காட்டியது. தாங்கியவை மறைகின்றன, தாங்கப்பட்டது கைமாறி நிலைக்கிறது. திருச்சபையின் மரபை விளக்க இதைவிடப் பொருத்தமான உவமை எளிதில் கிட்டாது.

வலிந்து இட்ட குறிகள்

இக்கதையில் கான்ஸ்தந்தீன் தடுத்த கொடுமை மீண்டும் தலைதூக்கியது. கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சி 1797இல் வங்காளத்தில் ஒரு விதி செய்து, ஆயுள் கைதிகளின் நெற்றியில் பெயரையும் குற்றத்தையும் குத்தியது. சென்னை மாகாணத்திலும் இவ்வழக்கம் பரவியது. பெண்கள் அழகுக்குக் குத்திக்கொண்ட 'கோத்னா' என்ற சொல்லே சிறைத்தண்டனையின் பெயராயிற்று. 1849ஆம் ஆண்டுதான் அது ஒழிந்தது.

அடுத்த நூற்றாண்டில் நாட்சிகளின் ஆஷ்விட்ஸ் வதைமுகாம். 1941ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில், ஊசிகள் பதித்த உலோக அச்சால் சோவியத் போர்க்கைதிகளின் மார்பில் எண் குத்தத் தொடங்கினர். பின்னர் கைதிகளின் இடது முன்கையில் குத்தினர். நான்கு இலட்சத்திற்கு மேற்பட்ட எண்கள் அங்கு வழங்கப்பட்டன. அவ்வழக்கம் தொடங்கச் சில வாரங்களே இருந்தபோது, ஆகஸ்டு 14ஆம் நாள், ஆடையில் 16670 என்ற எண்ணைத் தாங்கிய ஒரு குருவானவர் மற்றொரு கைதிக்காக அங்கே உயிரீந்தார். அவரே புனித மாக்சிமிலியன் கோல்பே. எண் அவரைத் தன் உடைமையாக்க இயலவில்லை. அவர் ஏற்கெனவே வேறொருவருக்கு உரியவராயிருந்தார்.

அம்முகாமில் உயிர்தப்பிய யூதர் சிலரின் பேரப்பிள்ளைகள் இந்நூற்றாண்டில் தாமாக முன்வந்து, தம் பாட்டன் பாட்டியின் எண்ணைத் தம் கைகளில் குத்திக்கொண்டனர். பார்த்தோருள் அதிர்ந்தவரும் உண்டு, அழுதவரும் உண்டு. கொடியோர் இழிவாக இட்டதை அன்பு பெருமையாக ஏற்கும்போது குறியின் பொருள் தலைகீழாகிறது. பவுல் 'ஸ்டிக்மா' என்ற சொல்லுக்குச் செய்ததும் இதுவே அன்றோ?

கேட்க வேண்டிய கேள்வி

2018ஆம் ஆண்டு மார்ச் 19ஆம் நாள், இளையோர் ஆயர் மாமன்றத்திற்கு முன்னேற்பாடாக உரோமையில் நடந்த கூட்டத்தில், திருத்தந்தை பிரான்சிஸ் இப்பொருள்பற்றிப் பேசினார். பச்சை குத்தியதைக் கண்டு அஞ்ச வேண்டாம் என்றார். எரித்திரேயக் கிறிஸ்தவர் நெடுங்காலமாய் நெற்றியில் சிலுவை குத்தி வந்ததை நினைவூட்டினார். மிகைப்படுத்துதலைக் குறை சொன்னார். குறி என்பது யாருக்கேனும் உரியவனாயிருத்தலைக் காட்டுவது. ஆகவே இளைஞனிடம், நீ எதைத் தேடுகிறாய், யாருக்குரியவன் என்று காட்ட விரும்புகிறாய் என அங்கிருந்து உரையாடலைத் தொடங்கலாம் என்பது அவருடைய அறிவுரை. 2025இல் அவர் நம்மை விட்டுப் பிரிந்தார். அவ்வறிவுரை நம் இல்லங்களுக்கு இன்றும் தேவைப்படுகிறது.

பச்சை குத்தலாமா, கூடாதா என்ற வாதத்தில் இரு தரப்பும் எளிதில் சோர்ந்துவிடும். உடல் இறைவனின் ஆலயம் என்பது உண்மை. ஆத்திரத்திலும் போட்டியிலும் எழுதியதைப் பின்னர் அழிக்கப் படும் பாடும் உண்மை. இவற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லத்தான் வேண்டும். ஆயினும் குத்தி முடித்து வந்து நிற்கும் மகனிடமோ மகளிடமோ முதலில் கேட்க வேண்டியது, 'இது எதற்கு?' என்ற சீற்றமன்று, 'இது யாருக்காக?' என்ற பரிவு. தான் யாருக்கும் உரியவன் அல்லன் என்று உணரும் பிள்ளைதான் பெரும்பாலும் தன் தோலிலேயே ஒரு விலாசத்தை எழுதிக்கொள்ளத் தவிக்கிறது. அவ்விலாசம் நம் வீட்டிலும் பங்கிலும் அதற்குக் கிடைத்ததா என்று நம்மையும் நாம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

எசாயா 49ஆம் அதிகாரத்தில், கைவிடப்பட்டதாகப் புலம்பும் சீயோனுக்கு ஆண்டவர் பதில் அளிக்கிறார். தாய் மறந்தாலும் தாம் மறப்பதில்லை என்று சொல்லிவிட்டு, அவளைத் தம் உள்ளங்கைகளிலேயே பொறித்து வைத்திருப்பதாகக் கூறுகிறார். அடிமை தலைவனின் பெயரைச் சுமந்த உலகில், தலைவரே அடிமையின் பெயரைத் தம் கையில் எழுதிக்கொண்டார். உயிர்த்த பின்னும் ஆண்டவர் அக்குறிகளை அழிக்கவில்லை. ஐயுற்ற தோமாவுக்கு அவர் நீட்டிய கைகளில் அவை இருந்தன.

பின்வரிசைப் பெரியவரே, அடுத்த ஞாயிறு உங்களுக்கு முன்னே ஒரு பச்சை குத்திய கை நற்கருணைக்காக நீளும்போது, அதில் வந்து அமர்வது அக்காயமுற்ற கைகளுக்கு உரியவர் என்பதை நினையுங்கள். திருப்பலி முடிந்ததும் அந்த இளைஞனிடம் சென்று பெயரைக் கேளுங்கள்.